வேலூரில் தெருவில் படுப்பவருக்கு ஒரு வீடு: பெயர்ப் பட்டியலிலிருந்து வாடகை ஒப்பந்தம் வரை

வேலூரில் நடைபாதையில் படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க ஆள் இருக்கிறது. மார்கழிக் குளிரில் போர்வை கொடுக்கவும் ஆள் இருக்கிறது. ஆனாலும் அதே பெரியவர் அடுத்த வருடமும் அதே கடை வாசலில்தான் படுத்திருக்கிறார். அவருக்கு ஒரு அறை கிடைக்கும் வரை கூடவே போவதென்றால் எந்தெந்த அலுவலகம் ஏற வேண்டும், எந்தக் காகிதத்தை எதற்கு முன்னால் வாங்க வேண்டும், எங்கே மாட்டிக்கொள்வோம் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அலைந்து திரிந்துதான் தெரிந்துகொண்டேன். இப்போது புதிதாக இந்த வேலைக்கு வருகிற நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். முதியோர் ஓய்வூதியத்துக்கு ஆதார் வேண்டும். ஆதாருக்கு முகவரி வேண்டும். முகவரிக்குக் கூரை வேண்டும். கூரைக்கு வாடகை வேண்டும், வாடகைக்கு அந்த ஓய்வூதியம் வேண்டும். இந்த வட்டத்தில் இருக்கிற அலுவலகம் ஒவ்வொன்றும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தாலும் ஆள் தெருவில்தான் இருப்பார். ஓர் அலுவலகத்தின் வேலை முடிகிற இடத்துக்கும் அடுத்த அலுவலகத்தின் வேலை தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம் யாருடைய பொறுப்பும் இல்லை. நாம் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

1. பெயர்ப் பட்டியல் போடுங்கள்

"வேலூரில் சுமார் இத்தனை பேர்" என்ற எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஒருவரைக்கூட வீட்டுக்கு அனுப்ப முடியாது. பெயர் வேண்டும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்ட் நகரம் இப்படித்தான் வேலை செய்தது. தெருவில் இருக்கும் ஒவ்வொருவரையும் பெயரோடு பட்டியலில் ஏற்றி, அந்தப் பட்டியலைத் தொடர்ந்து புதுப்பித்து, எல்லா அமைப்புகளும் அதையே பயன்படுத்தின. நெடுங்காலம் தெருவில் இருந்தவர்கள் விஷயத்தில், யார் வந்தாலும் விரைவில் வீட்டுக்கு அனுப்பிவிட முடியும் என்கிற நிலையை அந்த ஊர் 2017-இல் எட்டியது. அவர்கள் சட்டமும் பணமும் வேறு, நம்முடையது வேறு. பட்டியல் மட்டும் எங்கேயும் ஒன்றுதான். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

இரவு பத்து மணிக்கு மேல் போங்கள். பகலில் குப்பை பொறுக்கப் போனவர், கோயில் வாசலில் உட்காரப் போனவர் எல்லாம் அப்போதுதான் படுக்கிற இடத்துக்கு வருவார்கள். பழைய பேருந்து நிலையம், புதிய பேருந்து நிலையம், கோட்டை எதிரே, நேதாஜி மார்க்கெட் கடை வாசல்கள், சி.எம்.சி. மருத்துவமனைச் சுற்றுவட்டாரம், காட்பாடி ரயில் நிலையம், கன்டோன்மென்ட் ரயில் நிலையம், மேம்பாலங்களின் அடி என்று பகுதி பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதிக்கு எப்போதும் அதே இரண்டு பேர்தான் போக வேண்டும். முகம் பழகினால்தான் பேச்சு வரும். முதல் நாளே "பேரு இன்னா தாத்தா?" என்று கேட்டால் பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்து, கால் புண்ணைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள். பெயர் மூன்றாவது நான்காவது சந்திப்பில் தானாக வரும்.

நோட்டில் எழுத வேண்டியவை: அவர் சொல்லும் பெயர், தோராய வயது, படுக்கும் இடம், எவ்வளவு காலமாக, சொந்த ஊர், பேசும் மொழி, உடம்புக்கு என்ன, கையில் இருக்கும் காகிதம், அவர் என்ன கேட்கிறார், அடுத்து செய்ய வேண்டியது, அதற்கு யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். கடைசி மூன்றும் இல்லாத பட்டியல் வெறும் கணக்கெடுப்பாகவே நின்றுவிடும்.

"கையில் இருக்கும் காகிதம்" என்பதைச் சும்மா கேட்டு எழுதிவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் தலைக்கடியில் ஒரு பாலித்தீன் கவர் வைத்திருப்பார்கள். மடிப்பில் கிழிந்து நாலு துண்டான பழைய ரேஷன் அட்டை நகல், ஆஸ்பத்திரி சீட்டு, இறந்துபோன மனைவியின் போட்டோ, யாரோ ஒருவரின் போன் நம்பர் எழுதிய பீடிக்கட்டு அட்டை எல்லாம் அதில் இருக்கும். அவர் அனுமதியோடு, அவர் முன்னாலேயே விரித்துப் பாருங்கள். அந்த ரேஷன் அட்டை நகலில் இருக்கும் ஊர்ப் பெயரும் கடை எண்ணும் பின்னால் பல வேலைகளைச் சுலபமாக்கும்.

பொறி: போட்டோ எடுத்து முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் போடுவது. கணவனிடம் அடி தாங்காமல் ஓடிவந்த பெண்ணும், கடன்காரனுக்குப் பயந்து வந்தவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஒரு படத்தால் அவர்கள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். பட்டியலும் எல்லார் கையிலும் சுற்றக் கூடாது.

சிகிச்சைக்காக மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று வந்து, கையில் காசு தீர்ந்து, லாட்ஜ் வாடகை கட்ட முடியாமல் வெளியே படுத்திருப்பவர்களுக்குத் தனிப் பட்டியல் வையுங்கள். அவர்களுக்கு ஊரில் வீடு இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது மருத்துவமனையின் சமூகப் பணியாளர், சில வாரத்துக்குத் தங்க இடம், திரும்பிப் போக ரயில் டிக்கெட். மொழி தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். அந்தத் தெருக்களில் மெஸ், லாட்ஜ், மருந்துக்கடை எல்லாவற்றிலும் வங்காளமும் இந்தியும் பேசுகிற பையன்கள் இருக்கிறார்கள்.

2. எல்லாரையும் ஒரே மேசைக்குக் கொண்டு வாருங்கள்

வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், பட்டியலை மட்டும் வைத்துப் பேசுகிற கூட்டம் வேண்டும். யார் வர வேண்டும்? மாநகராட்சியில் நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தைப் பார்க்கும் அலுவலர், வீடற்றோர் தங்கும் இல்லத்தை நடத்தும் அமைப்பு, வருவாய்த் துறையிலிருந்து ஒருவர், மாவட்ட மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளர், காவல்துறை, ரயில்வே காவல்துறை, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர், மருத்துவமனைகளின் சமூகப் பணியாளர்கள், தினமும் சாப்பாடு கொடுக்கும் குழுக்கள். பெரிய அதிகாரிகள் ஒரு முறை வந்து வாழ்த்திவிட்டுப் போவார்கள். உங்களுக்கு வேண்டியது கோப்பை நகர்த்துகிற ஆள்: கிளார்க், கிராம நிர்வாக அலுவலர், ரைட்டர் ஏட்டு.

இவர்களை அழைக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது. அதனால் முதல் கடிதம் கலெக்டர் வழியாகப் போகட்டும். திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாள் கூட்டத்தில் மனு கொடுங்கள். காலையிலேயே போய்ப் பதிவு செய்து, மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கூட்டம் நடத்த அனுமதி கேட்கும் மனு ஒன்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆளுக்கும் தனி மனு. ஐம்பது பேரின் பெயரை ஒரே மனுவில் எழுதிக் கொடுத்தால் அது ஒரே ஒரு கோப்பாகி, ஒரே ஒரு பதிலோடு மூடப்பட்டுவிடும்.

கூட்டத்தில் "வீடற்றோர் பிரச்சினை" என்று பேச விடாதீர்கள். "வரிசை எண் 14, பாட்டிக்கு ஆதார் ரசீது வந்துவிட்டது, வங்கிக் கணக்கு யார் தொடங்கித் தருவது, எந்தக் கிழமை?" என்று பேசுங்கள். மாதக் கடைசியில் மூன்று எண்களை மட்டும் எழுதுங்கள்: புதிதாகத் தெருவுக்கு வந்தவர்கள், வீட்டுக்குப் போனவர்கள், போய்த் திரும்பி வந்தவர்கள். முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருக்கும் வரை எத்தனை பேருக்கு அறை பிடித்துக் கொடுத்தாலும் நடைபாதை காலியாகாது. எங்கிருந்து வருகிறார்கள் என்று தேட வேண்டும். அதை எட்டாவது படியில் சொல்கிறேன்.

3. தங்கும் இல்லத்தில் ஒரு படுக்கை

ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் அளவில் ஓர் இல்லம் என்பது நகர்ப்புற வீடற்றோர் திட்டத்தின் அளவுகோல். ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி, வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். மாநகராட்சியில் கேட்டு, இல்லத்தில் எத்தனை படுக்கை, பெண்களுக்குத் தனி இடம் எங்கே என்று தெரிந்துகொண்டு பிறகு ஆளை அழைத்துப் போங்கள். இடமில்லை என்று வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர் மறுபடி உங்களோடு வர மாட்டார்.

இல்லத்தில் ஆதார் கேட்டால் பொறுமையாகச் சொல்லுங்கள்: காகிதம் இல்லாதவருக்கு அடையாளச் சான்று, ஓய்வூதியம், ரேஷன், மருத்துவம் இவற்றையெல்லாம் பெற வழிசெய்வதும் இல்லத்தின் வேலைகளில் ஒன்று. பல இடங்களில் போலீஸ் மெமோ, அதாவது காவல் நிலையம் எழுதித் தரும் குறிப்பு, கேட்பார்கள். காவல் நிலையத்தில் பட்டியல் விவரத்தோடு போனால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். இரவு பதினொரு மணிக்குப் போகாமல் மாலையிலேயே போய்விடுவது நல்லது.

"எனக்கு இல்லம் வேண்டாம்" என்று சொல்பவர்கள் உண்டு. காரணம் கேளுங்கள். கணவன் மனைவியைப் பிரித்து வைப்பார்கள் என்ற பயம், தள்ளுவண்டியை வைக்க இடமில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போக வேண்டும், கூடவே இருக்கும் நாயை விட்டுவர மனமில்லை. எல்லாமே நியாயமான காரணங்கள்தான். அவற்றில் பாதியை இல்லத்துக்காரரிடம் பேசியே சரிசெய்யலாம். கட்டாயப்படுத்தி வண்டியில் ஏற்றுவது மட்டும் கூடாது.

பெண்கள் தனியாக இருந்தால் 181 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்க வைப்பார்கள், அதற்குள் அடுத்த இடம் பார்த்துவிட வேண்டும். 18 வயதுக்குக் கீழே இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. குழந்தையை உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

4. காகிதங்கள்: வரிசை மாறக் கூடாது

முதலில் சொன்ன வட்டத்தை வெட்டும் இடம் இதுதான். அங்கீகரிக்கப்பட்ட தங்கும் இல்லத்தின் பொறுப்பாளர், ஆதார் ஆணையத்தின் குறிப்பிட்ட படிவத்தில் சான்று கொடுத்தால் அது முகவரிச் சான்றாகச் செல்லும். இல்லத்தில் தங்காதவருக்கு மாநகராட்சி வார்டு உறுப்பினர், எம்.எல்.ஏ., தாசில்தார் போன்றவர்கள் அதே படிவத்தில் கொடுக்கலாம். வேலூரில் 60 வார்டுகள் இருக்கின்றன. அதாவது கையெழுத்துப் போடக்கூடிய கவுன்சிலர்களே 60 பேர்.

அந்தப் படிவத்தில் கவனிக்க வேண்டியவை: ஆளின் போட்டோ ஒட்டி, பாதி போட்டோ மீதும் பாதி தாள் மீதும் விழும்படி கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். லெட்டர்பேடில் "இவர் எனக்கு நன்கு தெரிந்தவர்" என்று எழுதித் தந்தால் மையத்தில் வாங்க மாட்டார்கள். படிவத்தை நீங்களே அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அவருக்கு ஏற்கெனவே ஆதார் இருக்கிறதா என்று பாருங்கள். "எனக்கு இல்லப்பா" என்று சொல்பவர்களில் பலருக்கு எப்போதோ எடுத்தது இருக்கும், அட்டைதான் தொலைந்திருக்கும். தெரியாமல் புதிதாகப் பதிவு செய்தால், பழைய கைரேகையோடு ஒத்துப்போய், பல வாரம் காத்திருந்த பிறகு நிராகரிப்புதான் வரும். ஆதார் மையத்தில் கைரேகை வைத்துப் பழைய எண்ணைத் தேடித் தரச் சொல்லுங்கள். சிறு கட்டணம்தான், அன்றைக்கே அச்செடுத்தும் தருவார்கள். உதவி எண் 1947.

கைரேகையில் ஒரு சிக்கல் உண்டு. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு பக்கம் தோல் ஷாப்பில் சுண்ணாம்பில் கை வைத்து வேலை செய்தவர்கள், கொத்தனார் வேலை, பீடி சுற்றியவர்கள் எல்லாருக்கும் விரல் நுனி வழவழவென்று ஆகியிருக்கும். இயந்திரம் "மீண்டும் வைக்கவும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஆபரேட்டர் சலித்துப்போய் எழுப்பிவிடுவார். நீங்கள் எழுந்திருக்காமல் கண்விழிப் பதிவை எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு வசதி இருக்கிறது.

முதல் முறை ஆதார் பதிவு இலவசம், யார் காசு கேட்டாலும் கொடுக்க வேண்டாம். ஆனால் நேரம் ஆகும். 18 வயது தாண்டியவர்களின் புதுப் பதிவு மாநில அரசின் சரிபார்ப்புக்குப் போகிறது, 180 நாள் வரை ஆகலாம். ஒப்புகைச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து, அசலை இல்லத்தில் வைத்துவிட்டு, நகலை ஆள் கையில் கொடுங்கள்.

இன்னொரு பெரிய பொறி பிறந்த தேதி. "ஐம்பது அம்பத்தஞ்சு இருக்கும்" என்று அவர் சொல்ல, ஆபரேட்டர் ஒரு வருடத்தைத் தட்டிவிடுவார். முதியோர் ஓய்வூதியத்துக்கு 60 வயது ஆக வேண்டும், ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் திருத்த முடியும். போவதற்கு முன்னாலேயே உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆனபோது என்ன வேலை செய்தார், முதல் பிள்ளை பிறந்தபோது ஆட்சியில் யார் என்று கேட்டால் உண்மையான வயதுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். பழைய ரேஷன் அட்டை நகலில் வயது இருந்தால் அதுதான் நல்ல ஆதாரம்.

ஆதார் வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இரண்டு வேலைகளை உடனே தொடங்கலாம்.

முதலாவது வாக்காளர் அட்டை. வீடற்றவருக்கு முகவரிச் சான்று தேவையில்லை. படிவம் 6-இல் அவர் படுக்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று ஒரு முறைக்கு மேல் பார்த்து உறுதிசெய்வார். தேர்தல் ஆணையத்தின் விதி இது. பல அலுவலர்களுக்கே இது தெரியாது என்பதால் விதியின் அச்சுப் பிரதியை நீட்டுங்கள். அந்த வாரம் ஆள் இடம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வங்கியில் சிறு கணக்கு. அடையாளச் சான்று எதுவும் இல்லாதவரும் ஒரு போட்டோவும், வங்கி அலுவலர் முன்னால் போட்ட கையெழுத்தோ கைநாட்டோ வைத்துத் தொடங்கலாம். இருப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, மாதம் 10,000 வரை எடுக்கலாம், 12 மாதம் செல்லும். அடையாளச் சான்றுக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னொரு 12 மாதம் நீட்டிப்பார்கள். பையிலே வைத்த காசை இரவில் பறிகொடுப்பவர்களுக்கு இதுவே பெரிய நிம்மதி.

ரேஷன் அட்டையை இப்போது தொடாதீர்கள். சொந்தமாக அறை கிடைத்த பிறகு அந்த முகவரியில் வாங்குவதுதான் சுலபம். வடமாநிலத்தவருக்கு ஊரில் அட்டை இருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இங்கேயே கைரேகை வைத்து வாங்கலாம்.

5. மனநலம் பாதித்தவர் என்றால்

காட்பாடி பெரிய ஜங்ஷன். எங்கோ வண்டி ஏறியவர் எங்கே இறங்குகிறோம் என்று தெரியாமல் இங்கே இறங்கிவிடுகிறார். அழுக்கு மூட்டையோடு தனக்குள் பேசிக்கொண்டிருக்கிற பெண்ணை எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். அவருக்குச் சட்டம் பக்கபலமாக இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவுப்படி, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிகிறவரைக் காவல்துறை தன் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு போக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால் காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். இந்தக் கடைசி வரியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

முதல் அழைப்பு எங்கே? மனநல ஆலோசனைக்கு 14416, ஆம்புலன்ஸுக்கு 108. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் மாவட்ட மனநலத் திட்டத்துக்கும் முன்கூட்டியே முகம் காட்டி வையுங்கள். தெருவில் இருக்கும் மனநோயாளிகளுக்காகவே மாநிலத்தில் பல மாவட்டங்களில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் இருக்கின்றன. எந்த மையத்துக்கு அனுப்புவார்கள், பெண்களுக்கு இடம் உண்டா என்பதை ஆள் கிடைப்பதற்கு முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு ஊர்ப் பெயர் வரும். சிலருக்கு அதற்குப் பல வாரம் ஆகும். ஊர்ப் பெயர் வராவிட்டால் ஊரில் இருக்கும் கோயில், ஆறு, வாரச்சந்தை, பேருந்து எங்கே நிற்கும் என்று அவர் மொழி தெரிந்தவரை வைத்துப் பேச வையுங்கள். சென்னையில் 1993-இல் தொடங்கிய பேன்யன் அமைப்பு, திரும்பிப் போக வீடில்லாதவர்கள் நாலைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் சேர்ந்து வாழும் ஏற்பாட்டைப் பல ஆண்டுகளாக நடத்துகிறது. வருடக்கணக்கில் விடுதியில் வைத்திருப்பதைவிட எனக்குப் பிடித்த வழி அது.

கால் விரல் மழுங்கி, ஆறாத புண்ணோடு இருப்பவரைப் பார்த்தால் கரிகிரி மருத்துவமனையை நினைவில் வையுங்கள். தொழுநோய்ச் சிகிச்சையில் பல பத்தாண்டு அனுபவம் உள்ள இடம். வெறும் சர்க்கரைப் புண் என்று கட்டுப்போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

6. குடும்பம் இருக்கிறவர்கள்

சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு வெளியே தள்ளப்பட்ட பெற்றோர் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். 2007-இன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி வருவாய் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு, 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. பார்த்துக்கொள்வோம் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்யவும் 23-ஆம் பிரிவில் வழி இருக்கிறது, ஆனால் பத்திரத்தில் அந்த நிபந்தனை எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேவைப்படுபவை: பத்திர நகல், பிள்ளைகளின் முகவரி, வயதுச் சான்று. வழக்கறிஞர் வைக்கக் காசில்லை என்று பயப்பட வேண்டாம், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. முதியோர் உதவிக்கு 14567.

மகனைத் திட்டிக்கொண்டே "அவன் மேல கேஸ் போடாதே" என்று சொல்கிற அம்மாக்கள் நிறைய பேர். அவர் சம்மதம் இல்லாமல் மனு போட வேண்டாம். போன் பேசி, நேரில் போய் உட்கார்ந்து பேசி, சின்னதாக ஓர் ஏற்பாடு செய்து அனுப்புவதிலும் பல குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன. அடி உதை இருந்த வீட்டுக்கு மட்டும் திருப்பி அனுப்பவே கூடாது.

7. ஓய்வூதியம்

ஆதாரும் வங்கிக் கணக்கும் கையில் வந்ததும் இ-சேவை மையம். முதியோர், கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர் என்று எந்த வகையில் பொருந்துகிறாரோ அதில் போடுங்கள். முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், வருவாய்ச் சான்றிதழ்களுக்கு 60 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாருக்குப் போகும். விசாரணைக்கு வரும் நாளில் ஆள் இல்லத்தில் இல்லாவிட்டால் "முகவரியில் இல்லை" என்று திருப்பிவிடுவார்கள். அந்த வாரங்களில் பொறுப்பான ஒருவரின் போன் நம்பரை அவர்களிடம் கொடுத்து வையுங்கள். அனுமதி வர மாதங்கள் ஆகும், அதுவரை சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் குழுவின் கையிருப்பிலிருந்துதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

8. தெருவுக்கு வரும் வழிகளை அடையுங்கள்

உங்கள் நோட்டில் "தெருவுக்கு வருவதற்கு முந்தின நாள் எங்கே இருந்தார்" என்று ஒரு கட்டம் சேர்த்து, கொஞ்ச காலம் எழுதிப் பாருங்கள். மருத்துவமனை டிஸ்சார்ஜ், சிறை விடுதலை, ரயில், வாடகை பாக்கி என்று நாலைந்து வாசல்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு வாசலிலும் ஓர் ஆள் வேண்டும். வார்டில் "போக இடமில்லை" என்று ஒரு நோயாளி சொன்னவுடன், டிஸ்சார்ஜ் ஆன பிறகு இல்லாமல், அதற்கு முன்னாலேயே மருத்துவமனைச் சமூகப் பணியாளர் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும். காட்பாடியில் ரயில்வே காவலரும் போர்ட்டர்களும் அதையே செய்யலாம். ஜெயிலில் நன்னடத்தை அலுவலரிடம், விடுதலைத் தேதிக்கு முன்பே யாருக்கு வீடில்லை என்று கேட்கலாம்.

வாடகை பாக்கியால் வெளியேற்றப்படுபவருக்கு இரண்டு மாத வாடகை கொடுத்து வீட்டிலேயே வைத்திருப்பது, தெருவுக்கு வந்தபின் ஆறு அலுவலகம் ஏறுவதைவிட எவ்வளவோ மலிவு. நன்கொடையாளர்களிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள். பிறந்த நாளுக்கு நூறு பொட்டலம் பிரியாணி கொடுக்க வருபவர், கணக்கைக் காட்டினால் ஒரு குடும்பத்தின் வாடகையை ஏற்றுக்கொள்வார்.

9. அறை, அதற்குப் பிறகு

1,200 ரூபாயில் வேலூரில் தனி அறை கிடையாது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுக்க வேண்டும், ஒருவராவது வேலைக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரி பக்கம் தேடாதீர்கள், அங்கே எல்லாம் நோயாளிகளுக்கான தினவாடகைதான். கொணவட்டம், விருதம்பட்டு, கஸ்பா போன்ற பக்கங்களில் தேடுங்கள். யாரோடு யார் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும், நடைபாதையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தவர்கள் நன்றாகவே ஒத்துப்போகிறார்கள்.

வீட்டுக்காரருக்குப் பயம் இருக்கும். வாடகை வராவிட்டால் யார், ஏதாவது ஆனால் யார் என்பதற்கு உங்கள் அமைப்பின் பெயரும் நம்பரும் எழுத்தில் இருக்கட்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்டால், தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் சொல்லும் வரம்பு அதுதான் என்று பேசிப் பாருங்கள். வாய்ப்பேச்சோடு விடாமல் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். ரேஷன் அட்டை, கேஸ் இணைப்பு, ஆதார் முகவரி மாற்றம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாவற்றுக்கும் அந்தத் தாள்தான் முதல் படி. காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்று வேண்டும், ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்குச் செல்லும்.

குழுவின் கையிருப்பு எதற்கெல்லாம் போகும் என்றால்: அட்வான்ஸ், முதல் இரண்டு மாத வாடகை, பாய், தலையணை, ஸ்டவ், இரண்டு பாத்திரம், பாஸ்போர்ட் அளவு போட்டோ, ஜெராக்ஸ், அடுக்கம்பாறைக்கும் சத்துவாச்சாரிக்கும் பஸ் அல்லது ஆட்டோ. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் அலைச்சல் செலவில் கொஞ்சம் மிச்சமாகும்.

குடிபோன முதல் மாதம் வாரா வாரம் போய்ப் பாருங்கள், பிறகு மாதம் ஒரு முறை, ஆறு மாதம் வரை. கரண்ட் பில், பக்கத்து வீட்டுச் சண்டை, மருந்து தீர்ந்தது, பழைய கூட்டாளி வந்து குடிக்கக் கூப்பிட்டது, இவைதான் ஆளை மறுபடி வெளியே தள்ளுகின்றன. தள்ளிவிட்டால் பட்டியலில் புது வரிசையாக ஏற்றாதீர்கள். பழைய எண்ணிலேயே தேதி போட்டுத் தொடருங்கள். ஆதார், கணக்குப் புத்தகம், ஓய்வூதிய உத்தரவு நகல் எல்லாம் அந்தக் கோப்பிலேயே இருப்பதால், இரண்டாவது முறை நேராக அறை தேடுவதிலிருந்தே தொடங்கலாம்.